ஆறு எம்எம் வயர்

பெரியவள் தன் வீட்டு ஸ்விட்சைத் தட்டினால் விளக்கு தங்கை வீட்டில் எரிந்தது. புது வயர் இழுத்த அன்று மாலையே இது தொடங்கிவிட்டது. அக்காளும் தங்கையும் ஒரே சுவரை நடுவில் வைத்த இரண்டு வீடுகளில் குடியிருந்தார்கள். மீட்டர் தனி, மெயின் தனி, சுவரைத் தாண்டி ஒரு துண்டு வயர்கூடக் கிடையாது. தெரு இரண்டு நாள் வாயைப் பிளந்துவிட்டு, குழாயில் தண்ணீர் வராத கவலையில் இதை மறந்துபோனது.

எல்லாம் வயிற்றெரிச்சலில் வந்த வினை. பெரியவளுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு நேரே சித்தி வீட்டுக்குப் போனால், கண்ணைச் சொக்கும்போதுதான் திரும்புவாள். தலை பின்னிக்கொள்வது அங்கே, பாடம் படிப்பது அங்கே, கோபித்துக்கொள்வதும் சமாதானமாவதும்கூட அங்கேதான். பிள்ளையில்லாத சின்னவள் அவளைத் தரையில் நடக்க விடவில்லை. பெற்றவளுக்கு எரியாமல் என்ன செய்யும்? “ஏன்டி, இந்த வீட்டுல உனக்கு என்ன குறை?” என்று கேட்டே விட்டாள். “இங்க லைட்டு மங்கலா இருக்கும்மா” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு மகள் ஓடிவிட்டாள். பெரியவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

சின்னவள் வீட்டுக்கு வேலை செய்த வயர்மேனையே வரவழைத்தாள். பழைய இணைப்புகள் தளர்ந்திருக்கின்றன, விளக்குக்கு ஒன்றரை எம்எம் வயரே தாராளம் என்றார் அவர்.

“அவ வீட்டுல என்ன போட்டீங்க?”

“அதே ஒன்றரைதாம்மா.”

“அப்ப எனக்கு ஆறு போடுங்க.”

“ஐயோ, அது மெயினுக்குப் போடுறதும்மா. நாலு பல்புக்கு எதுக்கு? ஸ்விட்ச்சுல நுழையவே நுழையாது.”

“நுழைய வைங்க.”

புருஷனைக் கேட்டதற்கு அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் “உன் இஷ்டம்” என்றார். வயர்மேன் சுவரை அகலமாகக் கொத்தினார், பெரிய பைப் பதித்தார், ஸ்விட்ச்சுக்குள் நுழைவதற்காகச் செம்புப் பிரிகளில் பாதியை மனசில்லாமல் நறுக்கினார். அன்று மாலை இங்கே இருட்டு, அங்கே பட்டப்பகல். டெஸ்டர் வைத்துப் பார்த்தார். ஹோல்டர் வரை கரண்ட் ஒழுங்காக வந்தது. மின்வாரியத்திலிருந்து வந்தவர் பெரியவளின் மீட்டர் ஓடுவதைப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். சின்னவளின் ஸ்விட்சுகளோ அன்றோடு செத்தன. அவள் வீட்டு விளக்குகள் அக்காள் கைக்கு மட்டுமே கட்டுப்பட்டன. ஆறைக் கழற்றி ஒன்றரை போட்டுத் தருகிறேன் என்று வயர்மேன் கெஞ்சினார். கழற்றினால் தங்கையிடம் தோற்றதாகிவிடாதா? மாட்டேன் என்றுவிட்டாள்.

தன் மூக்கை அறுத்தாவது எதிராளிக்குச் சகுனத்தடை செய்வது என்று முடிவு கட்டி, ஒரு மாலை ஸ்விட்சைப் போடாமலே உட்கார்ந்தாள். இருட்டு பிடிக்காமல் மகள் ஓடிவருவாள் என்று வாசலையே பார்த்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. சித்தியும் மகளும் இருட்டுக்குள் எதையோ சொல்லிச் சொல்லி, மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெளிச்சத்துக்காகப் போனவள் இல்லை அவள். பெரியவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, படிக்கிற பிள்ளைக்குக் கண் கெட்டுவிடுமே என்று எழுந்துபோய் ஸ்விட்சைப் போட்டாள்.

அதன்பின் வருஷக்கணக்காக அவள்தான் அந்த வீட்டுக்கு விளக்கேற்றினாள். புருஷன் இருட்டில் சட்டைப் பட்டனை மாற்றிப் போடாமல் இருக்கப் பழகிக்கொண்டார். மகளுக்குக் கடைசிப் பரீட்சை நெருங்கிய சமயம், ஒரு மாலை ஸ்விட்சைப் போட்டுவிட்டு, வெறுங்கையோடு தங்கை வீட்டுக்குப் போனாள். “வாக்கா” என்றாள் சின்னவள், தினமும் வருகிறவளை அழைப்பதுபோல. பாயில் படித்துக்கொண்டிருந்த மகள் தலை நிமிராமல் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். சித்தி பக்கமாகத்தான் நகர்ந்தாள். பெரியவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.