காக்காக் கழுத்து

ஸ்டுடியோவில் அவரை எல்லோரும் எடிட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். புத்தகங்களை வாசிக்க வைத்து, ஒலிப்புத்தகமாக வெளியிடும் சின்ன இடம் அது. மூன்று அறைகள், ஒரு நடை, நடைக் கோடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகும் ஒரு ஏ.சி. கண்ணாடி அறைக்குள் ஒருவர் உட்கார்ந்து வாசிப்பார். வெளியே ரெக்கார்டிங் பார்க்கும் பெண் பதிவு செய்வாள். தடுமாறியது, இருமியது, வரியை விட்டது எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு நல்லதை மட்டும் கோத்து எடுப்பது எடிட்டரின் வேலை. பன்னிரண்டு வருஷமாகச் செய்கிறார். நாற்காலி கிரீச்சிட்டால் எந்த அறை நாற்காலி என்று சொல்லிவிடும் காது அவருக்கு.

கண் விஷயம் வேறு. சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒன்று. இரண்டுமே தண்ணீர் தேங்கிய மண் மாதிரி தெரியும். வீட்டுப் பெரியவர்களை விட்டால் இது அவர் மனைவிக்கு மட்டும் தெரியும். கல்யாணமான புதிதில் பச்சைத் துண்டை எடுத்து வரச் சொன்னால் ஒவ்வொரு தடவையும் சிவப்பைக் கொண்டுவந்து நீட்டினார். வேண்டுமென்றே வம்பு பண்ணுகிறார் என்று நினைத்து அவள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் உண்மை தெரிந்ததும், பெயின்ட் கடையில் கலர் கலக்குகிறவளுக்குத் தேடிப்பிடித்து இப்படியொரு மாப்பிள்ளையா என்று சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அவரும் கூடச் சிரித்தார். ஆனால் வெளியே மூச்சு விடக்கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

கடையில் அவளுக்கு ஷேடக்கா என்று பெயர். உடைந்த ஓட்டுச் சில்லு, கதவின் சிராய், பழைய வாளியின் காது என்று எதை நீட்டினாலும் அதே நிறத்தைக் கலந்து டப்பாவில் ஊற்றிக் கொடுத்துவிடுவாள். உறவுக்காரர்கள் கூடச் சொந்தப் பெயரை மறந்துவிட்டு அப்படியே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

ஸ்டுடியோவில் ஒலி வேலைக்கென்று வைத்திருந்த மென்பொருளுக்குப் புது வெர்ஷன் வந்ததுதான் வினையாகப் போயிற்று. ஒரே வரியை நாலு தடவை வாசித்திருந்தால் நாலும் திரையில் பட்டை பட்டையாக நிற்கும். நல்ல பட்டைக்குப் பச்சையும் கெட்ட பட்டைக்குச் சிவப்பும் கொடுத்துவிட்டுப் போவாள் ரெக்கார்டிங் பெண். முன்பெல்லாம் பட்டையின் மேல் நிறத்தின் பெயரும் தெரியும். எடிட்டர் எப்படியோ ஒப்பேற்றிவிடுவார். புது வெர்ஷனில் பெயர் மறைந்து நிறம் மட்டும் நின்றது. எல்லாப் பட்டையையும் முழுக்கக் கேட்டுக் கேட்டு வேலை செய்ததில் ஒரு நாள் வேலை இரண்டு நாளாக இழுத்தது. அவசரப்பட்ட ஒரு நாள் தப்பு நடந்துவிட்டது.

ஓய்வு பெற்ற கப்பல் கேப்டன் ஒருவர் தன் கடல் அனுபவங்களை எழுதித் தானே வாசித்திருந்தார். 'புயலில் மூன்றாம் நாள்' என்ற அத்தியாயம் பதிப்பாளர் கைக்குப் போனது. அலை கப்பலைத் தூக்கி அடிக்கும் உச்சக் கட்டத்தில், "சனியன் பிடிச்ச வரி, நாக்குல நிக்கவே மாட்டேங்குது. கொஞ்சம் தண்ணி குடும்மா" என்று கேப்டனின் குரல் கணீரென்று கேட்டது. கேப்டன் விழுந்து விழுந்து சிரித்தாராம். பதிப்பாளர் சிரிக்கவில்லை. முதலாளி கூப்பிட்டுக் கேட்டபோது, அசந்து தூங்கிவிட்டேன் என்றார் எடிட்டர். தூங்குமூஞ்சி என்ற பெயர் வந்தாலும் பரவாயில்லை, அந்தக் காரணம் வெளியே வரக்கூடாது.

வீட்டில் மட்டும் உண்மையைச் சொன்னார். அவள் பரிதாபப்படவில்லை. அந்தத் திரையைக் காட்டச் சொன்னாள். லேப்டாப்பைத் திறந்து காட்டியதும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல எதெல்லாம் உங்களுக்கு ஒண்ணா தெரியுது?" என்று கேட்டாள்.

அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சின்ன வயதிலிருந்து இது என்ன நிறம், அது என்ன நிறம் என்று சோதித்தவர்கள் உண்டு. எது எதெல்லாம் ஒன்று என்று யாரும் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து பழைய ஷேடு கார்டுகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். ஒன்றாகத் தெரிவதையெல்லாம் அவர் ஒரு குவியலாக்க வேண்டும். அவள் கண்ணுக்கு ஏழெட்டு நிறம் கிடந்த குவியலை அவர் ஒரே குடும்பம் என்றார். அவள் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி என்று நினைத்த இரண்டு நீலத்தை, இரண்டுக்கும் ரொம்பத் தூரம் என்று பிரித்து வைத்தார். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். இப்படியே மூன்று ஞாயிறு போயிற்று, சாப்பாடு தரையில்தான்.

அந்த மென்பொருளின் தோற்றத்தை நாமே மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு நிறமும் ஒரு ஃபைலில் எண்ணாக எழுதப்பட்டிருக்கும். எண்ணை மாற்றினால் நிறம் மாறும். கலர் கலக்கும் மெஷினோடு நாள் முழுக்க எண்ணிலேயே பேசுகிறவளுக்கு இது புதிதா என்ன? பின்புலத்துக்குக் கரும் நீலம் வைத்தாள். நல்ல பட்டைக்கு வெளிர் நீலம். கெட்ட பட்டைக்கு மஞ்சள், அதன் மேல் சாய்கோடு. சத்தம் எல்லை மீறினால் அதை அளந்து காட்டும் மீட்டரின் உச்சி வெள்ளையாகப் பளீரென்று எரியும். பின்புலத்தின் நிறம் அண்டங்காக்காவின் கழுத்தை நினைவூட்டியதால் அந்தத் தோற்றத்துக்குக் காக்காக் கழுத்து என்று பெயர் வைத்தாள்.

திங்கட்கிழமை எடிட்டர் மதியத்துக்குள் இரண்டு அத்தியாயம் முடித்தார். கண்ணைச் சுருக்காமல் வேலை பார்த்து எத்தனை காலமாயிற்று என்று வீட்டுக்கு வந்து சொன்னார்.

இப்படி அவரவர் செய்த தீம் என்னும் தோற்றங்களைப் போட்டு வைக்க அந்த மென்பொருள்காரர்களுக்கு ஒரு பக்கம் இருந்தது. யார் வேண்டுமானாலும் போடலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இதையும் போடலாமே என்றாள் அவள். நம் வீட்டுச் சமையலை ஊருக்கா பரிமாறுவது என்று அவர் பேச்சை மாற்றிவிட்டார். அது மறுப்பு என்று அவளுக்குத் தோன்றவில்லை, சங்கோஜம் என்று நினைத்தாள். ஒரு மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாதபோது ஷேடக்கா என்ற பெயரிலேயே போட்டுவிட்டாள். திரையைப் படம் பிடித்து வைத்து, கீழே நாலு வரியும் எழுதினாள்: என் வீட்டுக்காரர் ஒலி எடிட்டர். சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒன்று. கெட்டிக்காரர். அவருக்காகச் செய்தேன், அவரைப் போன்றவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரத்தில் நானூறு பேர் எடுத்திருந்தார்கள். அவருக்குச் சொல்லி அசத்த ஐந்நூறு ஆகட்டும் என்று காத்திருந்தாள். அதற்குள் ரெக்கார்டிங் பெண் முந்திக்கொண்டாள். அழகான தீம் ஒன்று வந்திருக்கிறது, பாருங்கள் என்று எடிட்டரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். படத்தின் மேல் ஓரத்தில் ஃபைலின் பெயர் தெளிவாகத் தெரிந்தது: புயலில் மூன்றாம் நாள். அவள் அதைப் படித்தாள், கீழே இருந்த நாலு வரியைப் படித்தாள், திரையைச் சட்டென்று மூடிவிட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஊருக்கே தண்டோரா போட்டுட்ட."

"கெட்டிக்காரர்னுதாங்க எழுதினேன்."

"அதுக்கு முன்னாடி வரியில என்ன எழுதின?"

அவள் போனை எடுத்து, அவர் பார்க்கவே அந்தப் பக்கத்திலிருந்து காக்காக் கழுத்தை நீக்கினாள். "தப்புதான்" என்றாள். "அது உங்க கண்ணு. உங்களைக் கேட்டிருக்கணும்."

அவள் எதிர்த்துப் பேசியிருந்தால் கோபத்துக்குப் பிடிமானம் கிடைத்திருக்கும். ஒப்புக்கொண்டதில் அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. நாலு நாள் வீட்டில் உப்பு, சாவி, குடை என்ற அளவில்தான் பேச்சு ஓடியது.

ஸ்டுடியோவில் யாராவது எதையாவது கேட்பார்கள் என்று பயந்தார். யாரும் கேட்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து ரெக்கார்டிங் பெண் தரும் ஃபைல்களில் ஒரு மாற்றம் இருந்தது. நிறத்தோடு, ஒவ்வொரு பட்டையின் உள்ளேயும் 'சரி' அல்லது 'வேண்டாம்' என்று பெரிதாக எழுதியிருந்தாள். ஒரு அத்தியாயத்துக்கு நூறு பட்டையாவது இருக்கும். மூன்றாம் நாள் டீ வாங்கும்போது அவளுக்கும் சேர்த்து வாங்கி வந்து மேசையில் வைத்தார்.

ஐந்தாம் நாள் முதலாளி கூப்பிட்டார். சீட்டுக் கிழிந்தது என்றே எடிட்டர் நினைத்தார். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"தூங்கிட்டேன்னு சொன்னீங்க. நானும் நம்பி, அந்தப் பதிப்பாளர்கிட்ட உங்களைப் பத்திக் கண்டபடி பேசிட்டேன். அந்தப் படத்துல இருந்த ஃபைல் பேரையும் உங்க வீட்டம்மா எழுதினதையும் பார்த்தப்புறம்தான் காரணம் புரிஞ்சுது. எனக்கு அது உறுத்துது."

எடிட்டர் தலையைக் குனிந்துகொண்டார். பதிப்பாளருக்கு இன்று காலை போன் பண்ணித் தப்பு எங்கள் முறையில்தான், ஆளிடம் இல்லை என்று சொல்லிவிட்டதாக முதலாளி சொன்னார். காரணத்தைச் சொல்லவில்லையாம், அதைச் சொல்வதும் சொல்லாததும் எடிட்டர் இஷ்டமாம். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொரு விஷயம். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்கு நம்ம சாஃப்ட்வேரோட வெள்ளைத் திரை ஊசியா குத்துது. வீட்டு கம்ப்யூட்டர்ல உங்க வீட்டம்மா செஞ்சதைப் போட்டுட்டு ஒரு வாரம் நிம்மதியா இருந்தேன். என் பேத்தி எதையோ அழுத்தி அழிச்சுட்டா. திரும்ப எடுக்கலாம்னு போனா அந்தப் பக்கத்துல காணோம்."

எடிட்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே முதலாளியும் சிரித்தார்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேரே பெயின்ட் கடைக்குப் போனார். வேலை நேரத்தில் அவர் அங்கே போனதே இல்லை. அவள் ஒரு கிழவரின் பறவைக் கூண்டுக் கம்பிக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு துளியைக் கம்பியில் தடவி, வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எடிட்டர் வரிசையில் மூன்றாவதாக நின்றார். அவரைப் பார்த்தும் அவள் முந்தைய ஆளை அவசரப்படுத்தவில்லை. முறை வந்ததும், "என்ன ஷேடு வேணும்?" என்றாள்.

"காக்காக் கழுத்து. மறுபடி போட்டுடு."

அவள் டப்பா மூடியைத் தட்டிச் சாத்தினாள். "நாலு நாளா எனக்கு ஒரே கடுதாசி" என்று போனை நீட்டினாள். எங்கே போயிற்று, ஏன் எடுத்துவிட்டீர்கள் என்று முப்பத்தேழு பேர் எழுதியிருந்தார்கள். ஆமை என்று புனைபெயர் வைத்திருந்த ஒருவர், பதினைந்து வருஷமாக வானொலியில் இருப்பதாகவும், மீட்டர் சிவப்பானதா என்று பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வதாகவும் எழுதியிருந்தார். எடிட்டர் அதை இரண்டு தடவை படித்தார்.

"என்கிட்ட ஏன் காட்டல?"

"உப்பு, சாவி, குடை மட்டும்தானே பேசினீங்க."

பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்தார். எடிட்டர் ஓரமாக நகர்ந்து, காலி டப்பா ஒன்றின் மேல் உட்கார்ந்தார். இந்தத் தடவை என்ன எழுதுவது என்பதை அவரே எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டாள். கடை மூடும்வரை எழுதி எழுதி அழித்தார். கடைசியில் நின்றது இதுதான்: நான் பன்னிரண்டு வருஷமாக ஒலி எடிட்டர். சிவப்பும் பச்சையும் எனக்கு ஒன்றாகத் தெரியும். என் மனைவிக்கு ஒலி பற்றித் தெரியாது, நிறம் தெரியும். இது அவள் செய்தது. கண் கூசுகிறவர்களுக்கும் உதவும். படத்திலிருந்த ஃபைல் பெயரை மறக்காமல் மறைத்துவிட்டார்கள்.

அதன் பிறகு அந்தப் பக்கம் அவர்கள் வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி ஆகிவிட்டது. மஞ்சள் கண்ணைப் பறிக்கிறது என்று ஒருவர் எழுத, ஷேடக்கா மூன்று நாள் விட்டுக்கொடுக்காமல் வாதாடிவிட்டு நாலாம் நாள் அரைப் புள்ளி குறைத்தாள். இன்னொருவர் எல்லாவற்றையும் ரோஸ் நிறமாக்கித் தன் பங்குக்கு அனுப்பிவைத்தார். பார்த்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்; ஆனால் ரொம்ப உழைத்திருக்கிறீர்கள் என்று மரியாதையாகப் பதில் எழுதினாள். ஒலி சம்பந்தமான கேள்விகளை எடிட்டர் பார்த்துக்கொண்டார்.

ஒரு ஞாயிறு காலை ஆமையிடமிருந்து கடுதாசி வந்தது. கூட வேலை செய்கிறவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாராம். ஒருவர் கூடத் தலையைத் திருப்பிப் பார்க்கவில்லையாம், அதில்தான் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். நன்றிக்கு அனுப்ப வேறொன்றும் இல்லை என்று, தன் ஜன்னலோரம் பதிவு செய்த ஒரு நிமிஷச் சத்தத்தை அனுப்பியிருந்தார். ஹெட்போனில் ஆளுக்கொரு காதாக வைத்துக் கேட்டார்கள்.

"ரெண்டு குருவி" என்றார் எடிட்டர். "ஒண்ணு மரத்துல, ஒண்ணு தகரக் கூரைமேல. உள்ளே யாரோ பாத்திரம் கழுவுறாங்க."

"எனக்கு ஒரு குருவிதாங்க கேக்குது."

அவர் ஆரம்பத்துக்குப் போய் மறுபடி ஓடவிட்டார். இரண்டாவது குருவி வரும் இடத்தில் அவள் கையை லேசாகத் தொட்டார். அவள் நெற்றியைச் சுருக்கிக் கேட்டாள். பிறகு உதட்டைப் பிதுக்கி, இன்னொரு தடவை போடச் சொன்னாள்.