அத்தானின் பன்னிரண்டு கிலோ கம்ப்யூட்டர்

அக்கா அந்தக் கம்ப்யூட்டரை டாக்ஸியில் வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தபோது பகல் பதினொரு மணி. அத்தானையும் கையோடு கூட்டி வந்திருந்தாள். அவரைத் தனியே விட்டுவிட்டு வர முடியாது. டிரைவர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டு கிலோ. பார்வைக்குத் தையல் மெஷின் பெட்டி மாதிரி இருக்கும். மூடியைக் கழற்றினால் அதுவே கீபோர்டு; உள்ளே இரண்டு உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைத் திரை, பக்கத்தில் ஃபிளாப்பி செருக இரண்டு வாய். இதைக் கையில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம் என்று அந்தக் காலத்தில் விளம்பரம் செய்தவன் பயில்வானாக இருந்திருக்க வேண்டும்.

அத்தான் தூக்கிக்கொண்டு போனார். அவர் பாய்லர் இன்ஸ்பெக்டர். ஆலை ஆலையாகப் போய், பாய்லருக்குள் தவழ்ந்து பார்த்து, வெளியே வந்து அங்கேயே இந்தப் பெட்டியைத் திறந்து ரிப்போர்ட் அடிப்பார். ஓய்வு பெற்றபோது ஆபீஸில் வேறு யாரும் சீந்தாததால் அதை இவரிடமே கொடுத்துவிட்டார்கள். நாலு வருஷத்துக்கு முன் மறதி நோய் வந்து ஒவ்வொன்றாகப் போனது. மகள் பெயர் போனது, வீட்டு வழி போனது, சாப்பிட்டோமா இல்லையா என்பது போனது. இந்தப் பெட்டி மட்டும் போகவில்லை. தினமும் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை அதன் முன்னால் உட்கார்ந்து, என்றைக்கோ இடித்துத் தள்ளிய ஆலைகளுக்கு ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருப்பார். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் அக்கா குளிப்பாள், சமைப்பாள், கண்ணை மூடிக் கொஞ்சம் சாய்வாள்.

"போன வாரம் புகை வந்துச்சுடா. ஒரே நாத்தம். அதோட உயிர் போச்சு," என்றாள் அக்கா. "இந்த ஒரு வாரத்துல மூணு தடவ வெளிய போயிட்டாரு. இன்ஸ்பெக்ஷனாம். நேத்து லாரி போற ரோட்டுல நடுவுல நின்னாரு. கையில டார்ச்."

அக்கா மகள் ஒரு இல்லத்தில் இடம் பார்த்துவிட்டாளாம். அடுத்த மாதம் முதல் தேதி ஒரு கட்டில் காலியாகிறது. மெஷின் ஓடி, அப்பா பழையபடி உட்கார்ந்தால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அம்மாவையும் சேர்த்து இழக்க அவள் தயாராக இல்லை.

"எப்படியாவது ரிப்பேர் பண்ணிக் குடுடா. நாப்பத்தஞ்சு வருஷம் ஒண்ணா இருந்துட்டு, கடைசியில எங்கயோ கொண்டுபோய் விட்டுட்டு வர என்னால முடியாது."

அத்தான் என் மேஜையைச் சுற்றிப் பார்த்தார். கழற்றிப் போட்ட செல்போன்கள், ஒட்ட வேண்டிய கண்ணாடிகள். "மெக்கானிக் இல்லையா?" என்று என்னிடமே கேட்டார். முப்பது வருஷமாக அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். டிகிரி சுவரில் தொங்குகிறது, மச்சினன் ஸ்டூலில் தொங்குகிறான் என்று விருந்தாளிகள் முன்னால் சொல்லிச் சிரித்தவர். எல்லாம் மறந்த மனுஷனுக்கு இந்தக் கிண்டல் மட்டும் நாக்கு நுனியில் நின்றது. எனக்குச் சுருக்கென்றது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவர்கள் போன பிறகு பெட்டியைத் திறந்தேன். பவர் சப்ளையில் ஒரே ஒரு கெப்பாசிட்டர் வெடித்திருந்தது. கட்டை விரல் நகம் அளவுப் பொருள். அதே அளவில் நாலைந்து என் டிராயரிலேயே கிடந்தன. பழையதைச் சூடு வைத்து எடுத்துப் புதியதை வைத்துப் பற்றவைத்தால் அரை மணி நேர வேலை. மற்ற போர்டுகளைச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. பாய்லர் மாதிரி கட்டியிருந்தார்கள்.

நான் அந்த அரை மணி நேர வேலையைச் செய்யவில்லை.

ஏன் என்று என்னையே பல தடவை கேட்டுவிட்டேன். நாளைக்கு இன்னொன்று வெடிக்கும், அப்புறம் இன்னொன்று, எத்தனை நாள் ஒட்டுப் போடுவது என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் உண்மை வேறு. இந்த மாதிரிப் பழைய பெட்டிகளுக்குள் இன்றைய கம்ப்யூட்டரைப் பொருத்தி, படம் எடுத்துப் போடுகிறவர்களை இன்டர்நெட்டில் பல வருஷமாகப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தேன். உடைந்த கண்ணாடி ஒட்டி ஒட்டியே என் கை மழுங்கிப் போயிருந்தது. தேடினாலும் கிடைக்காத பெட்டி, தானாகக் கடைக்குள் நடந்து வந்து உட்கார்ந்திருக்கிறது. மெக்கானிக் யார் என்று காட்ட வேண்டும் என்ற தலைக்கனம் வேறு.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தேன். "உள்ள எல்லாமே கருகிடுச்சுக்கா. பழசச் சரி பண்ணவே முடியாது. ஆனா கவலப்படாத. வெளிய அப்படியே இருக்கும், உள்ள புதுசா வச்சுத் தரேன். அத்தானுக்கு வித்தியாசமே தெரியாது."

நாக்கூசாமல் சொன்னேன். உள்ளிருந்த போர்டுகள், பிக்சர் டியூப், ஃபிளாப்பி டிரைவ்கள், ஃபேன் எல்லாவற்றையும் மறுநாள் பழைய இரும்புக் கடைக்காரர் எடை போட்டு எடுத்துக்கொண்டு போனார். அந்தக் கெப்பாசிட்டரும் அதிலேயே போயிற்று.

மூன்று வாரம் உழைத்தேன். அதில் மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. உள்ளே இருந்த தகரத் தாங்கிகளை அறுத்து எடுத்தேன். உள்ளங்கை அளவுள்ள ஒரு புதிய போர்டை அடியில் பொருத்தினேன். அதற்கு ஃபேனே தேவையில்லை. பழைய திரை முன்பக்கம் வளைந்தது, புதியது தட்டை. இடைவெளி தெரியாதபடி, பெட்டியிலேயே விட்டுவைத்திருந்த பழைய முகப்புக் கண்ணாடியை முன்னால் நிறுத்தி, அதன் பின்னால் தட்டைத் திரையை ஒட்டி, விளிம்பைக் கறுப்பாக்கினேன். கீபோர்டில் ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் ஒரு பஞ்சு வில்லை உண்டு. எல்லாம் தொட்டால் மாவாக உதிர்கிற பதத்தில் இருந்தன. தொண்ணூறு வில்லைகளைப் புதிதாக வெட்டி ஒவ்வொன்றாக ஒட்டினேன். பச்சை நிறத்துக்கு மட்டும் இரண்டு நாள் ஆனது. பெட்டி அத்தான் மேஜையில் ஓடிக்கொண்டிருந்தபோது எடுத்த ஒரு பழைய போட்டோவை வைத்துக்கொண்டு, அதே பச்சை, அதே எழுத்து, அதே கர்சர் வரும்வரை விடவில்லை. முடிந்ததும் படம் எடுத்துப் போட்டேன். முன்பின் தெரியாத முந்நூறு பேர் பாராட்டினார்கள். உள்ளே அவ்வளவு இடம் மிச்சமிருக்கிறதே, ஒரு பூனையை வளர்க்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதல் தேதிக்கு ஐந்து நாள் இருக்கும்போது கொண்டுபோய் வைத்தேன். அக்கா அவரைக் குளிப்பாட்டி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, பையில் பேனா செருகித் தயாராக வைத்திருந்தாள். மகளும் லீவு போட்டு வந்திருந்தாள். சரியாகப் பத்து மணிக்கு அத்தான் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பெட்டியின் பக்கவாட்டுச் சுவிட்சைத் தானே தேடித் தட்டினார். நாலே விநாடியில் பச்சை எழுத்து வந்து நின்றது.

"சூப்பர் மாமா," என்றாள் அக்கா மகள். அவள் கண் கலங்கியிருந்தது.

அத்தான் கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தார். கர்சர் துடித்தது. அவர் அசையவில்லை. ஐந்து நிமிஷம் போனது. பத்து நிமிஷம் போனது.

"அடிங்க அத்தான், ரெடியா இருக்கு," என்றேன்.

"இரு," என்றார்.

வராத பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அக்காதான் முதலில் புரிந்துகொண்டாள். வாசற்படியில் சாய்ந்து நின்றவள் மெல்லக் கேட்டாள்: "சத்தம் எங்கடா?"

"என்ன சத்தம்?"

"போட்டதும் கடகடன்னு ஆடுமே. ஃபேன் சுத்தும். அப்புறம் ரெண்டு தடவ கரகரன்னு இழுக்கும். கடைசியா கீச்னு ஒண்ணு கத்தும். அது கத்தினதுக்கு அப்புறம்தான் கை வைப்பாரு. நான் அடுப்படியில இருந்து கேட்டுட்டு, சரி, இனி ரெண்டு மணி நேரம்னு குளிக்கப் போவேன்."

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாய்லர் இன்ஸ்பெக்டர் கண்ணால் வேலை செய்கிறவர் இல்லை. சின்னச் சுத்தியலால் தகட்டைத் தட்டிக் காதால் கேட்டுத்தான் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்வார். அப்படி ஒரு மனுஷனுக்கு, ஃபேன் இல்லை, சத்தம் இல்லை என்று பெருமையாக ஒரு ஊமைப் பெட்டியைச் செய்துகொண்டு வந்து நிற்கிறேன். நாற்பது நிமிஷம் காத்திருந்துவிட்டு அத்தான் எழுந்தார். அலமாரியில் டார்ச்சைத் தேட ஆரம்பித்தார்.

நான் நேரே பழைய இரும்புக் கடைக்கு ஓடினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். "அதுவா? அந்த லோடு உருக்கறதுக்குப் போயி பத்து நாள் ஆச்சே," என்றார் கடைக்காரர், ஒரு சைக்கிள் சக்கரத்தைத் தூக்கிப் போட்டபடி.

வீட்டுக்கு வந்து இன்டர்நெட்டில் தேடினேன். இதே மாடல் வைத்திருக்கும் ஒருவர், அது கண் விழிக்கும் சத்தத்தை முதலிலிருந்து கடைசிவரை பதிவு செய்து போட்டிருந்தார். அதை எடுத்து, பெட்டிக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்து, சுவிட்சைத் தட்டினால் அந்தச் சத்தம் வருகிற மாதிரி செய்தேன். மறுநாள் மீண்டும் பத்து மணி. மீண்டும் இஸ்திரி போட்ட சட்டை. அக்கா முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

அத்தான் சுவிட்சைத் தட்டினார். ஃபேன் சத்தம் கிளம்பியது. அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. இரண்டு தடவை கரகரத்தது. கீச்சென்று கத்தியது. அவருடைய இரண்டு கைகளும் முழங்காலை விட்டு எழுந்து கீபோர்டுக்கு மேலே வந்தன. அக்கா என் தோளை இறுகப் பிடித்தாள்.

கைகள் இறங்கவில்லை. அத்தான் வலது கையைத் திருப்பிப் பெட்டியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஃபேன் ஓடுவதாகச் சத்தம் சொல்கிறது, ஆனால் தகரம் அதிரவில்லை. விரலை மடக்கிப் பக்கவாட்டில் தட்டினார். காதைக் கிட்டே கொண்டுபோய் மேலே தட்டினார். அடியில் தட்டினார். நிதானமாக, ஒரு மூலை விடாமல், நாலு வருஷத்தில் நான் பார்க்காத ஒரு தெளிவோடு தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் டொக் டொக்கென்று வெறும் டப்பாச் சத்தம் வந்தது. பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"இங்க யாரு பொறுப்பு?"

"நான்தான்," என்றேன்.

"உள்ள ஒண்ணுமே இல்ல. சத்தம் மட்டும் வருது. இத ஓட்டக் கூடாது. மூடிடுங்க."

அவரே கீபோர்டைத் தூக்கித் திரைமேல் மூடியாக வைத்து, இரண்டு பக்கக் கொக்கிகளையும் மாட்டினார். எழுந்து வாசலுக்குப் போனார். அக்கா மகள் ஓடிப் போய்க் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு அந்தப் பெட்டிப் பக்கம் அவர் திரும்பவேயில்லை. அக்காவும் அதை மறுபடி வைத்துப் பார் என்று கேட்கவில்லை.

முதல் தேதி நாங்கள் நாலு பேரும் இல்லத்துக்குப் போனோம். நல்ல சுத்தமான இடம். டெட்டால் வாசனை, அகலமான நடை, சுவரோரம் வரிசையாக நாற்காலிகள். அத்தானை ஒரு நர்ஸ் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்ததாக நினைத்துக்கொண்டு அவர் சாதாரணமாக நடந்து போனார். அக்கா அவர் பின்னாலேயே இரண்டு அடி வைத்துவிட்டு நின்றாள். மகள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனாள்.

ஆபீஸ் அறையில் ஒரு பெண் நீளமான ஃபாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். வயது, மாத்திரைகள், தூக்கம், ஒவ்வாமை எல்லாம் முடிந்து கடைசிப் பக்கத்துக்கு வந்தார்.

"வீட்டுலயே வச்சுப் பாத்துக்க ஏதாவது முயற்சி பண்ணீங்களாம்மா? சும்மா எழுதறதுக்குத்தான் கேக்கறேன்."

அக்கா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவருக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்துச்சும்மா. அது ஓடின வரைக்கும் வீட்டுல அமைதியா இருந்தாரு. அது முழுசா கருகிப்போச்சு. சரி பண்ணவே முடியாதுன்னு ஆயிடுச்சு. இதோ, என் தம்பி, இவன் மூணு வாரம் சோறு தண்ணி இல்லாம ஒக்காந்து அவருக்காகப் புதுசா ஒண்ணு செஞ்சு குடுத்தான். கூடப் பொறந்தவன் இதுக்கு மேல என்ன பண்ணுவான்?"

அந்தப் பெண் எழுதிக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. "பழசச் சரி பண்ணவே முடியலையா சார்?"

அரை மணி நேரம் என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. சொன்னால் அக்காவுக்கு இந்த உலகத்தில் கோபித்துக்கொள்ள ஒரு ஆளாவது கிடைத்திருப்பான். சொல்லாவிட்டால் விதி என்று தலையில் அடித்துக்கொண்டு தனியாக வீட்டுக்குப் போவாள். எனக்கு இரண்டும் தெரிந்தது. அக்கா என் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நீ வருத்தப்படாதே என்கிற மாதிரி.

"முடியல," என்றேன்.

அவர் அதையும் எழுதினார். ஃபாரத்தை என் பக்கம் திருப்பி, குடும்பத்தார் தரப்பில் ஒரு சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்று இடத்தைக் காட்டினார். நான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கீழே தேதியையும் எழுதினேன்.