அவசரப்பட்டு விடைபெற்றவர்கள்

லிஃப்ட் மெக்கானிக்கும் அவர் மனைவியும் மகளும் வெளிநாட்டுக்குக் கிளம்புவதற்குப் பல மாதங்கள் முன்பே, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, யார் கண்ணுக்கும் புலப்படாதவர்கள் ஆனார்கள். அதே வாரம் பால் விலையும் ஏறியது. தெருவில் பேச்சு எழுந்தது பாலைப் பற்றித்தான்.

தப்பு மெக்கானிக்குடையது. “அநேகமா முடிஞ்ச மாதிரிதான் சார்” என்று விசா ஏஜென்ட் ஃபோனில் சொன்னதில், ‘அநேகமா’வையும் ‘மாதிரி’யையும் விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். மறுநாளே வேலையை விட்டார். ரத்தப் பரிசோதனை லேபில் இருந்த மனைவியையும் விடச் சொன்னார். ஃபிரிட்ஜையும் கட்டிலையும் வந்த விலைக்குத் தள்ளினார். மொட்டைமாடியில் சீரியல் பல்பு மாட்டித் தெருவையே கூப்பிட்டு விருந்து வைத்தார். தெருவும் குறை வைக்கவில்லை. வயிறாரச் சாப்பிட்டு, கண் கலங்கி, ஆளுக்கொரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து, “நல்லபடியா போயிட்டு வாங்க” என்று ஒருவர் விடாமல் சொல்லிவிட்டுப் போனது. மறுநாள் காலை பால் வாங்கப் போன மெக்கானிக்கைப் பார்த்து, “என்ன சார், இன்னும் கிளம்பலையா?” என்று சிரித்தது. இரண்டாம் வாரம் அதே கேள்வியைப் பரிதாபமாகக் கேட்டது. அதற்கடுத்த வாரம் கொஞ்சம் கடுப்பாகவே கேட்டது, கடிகாரம் கொடுத்தவர்களுக்கு ஒரு நியாயம் வேண்டாமா? பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டது. அப்புறம் பார்ப்பதையும் நிறுத்திக்கொண்டது. வழியனுப்பிவிட்ட ஆட்களைத் தினமும் பார்ப்பது கண்ணுக்கு ஒத்துவரவில்லை போலிருக்கிறது.

தெரு மறந்ததை ஊர் மட்டும் எதற்கு நினைவில் வைத்திருக்க வேண்டும்? மளிகைக் கடையில் மெக்கானிக்கின் மனைவி நீட்டிய பணம் கல்லா மேலேயே கிடந்தது, சாமான் பின்னால் நின்றவளுக்குப் போனது. கை காட்டினால் பஸ் நிற்கவில்லை. தபால்காரர் அந்த வீட்டுக் கதவைச் சுவர் என்று எண்ணிக் கடிதங்களை எதிர்வீட்டுப் பெட்டியில் போட்டார். எல்லாவற்றையும்விட மெக்கானிக்குக்கு வலித்தது லிஃப்ட்தான். அவர்கள் கட்டிடத்தில் அவரே மாட்டிய லிஃப்ட், அவர் உள்ளே காலெடுத்து வைக்கும்போதே கதவை மூடி முழங்கையை இடித்தது. ஆள் நிற்பதைக் கண்டுபிடிக்கும் சென்சாரைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார். சென்சாரில் ஒரு கோளாறும் இல்லை. அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாகப் பயந்தார்.

எதிர்வீட்டுக்காரிக்கு மட்டும் மூன்று பேரும் பளிச்சென்று தெரிந்தார்கள். தெருவில் பேக்கரி அக்கா என்றால்தான் அவளைத் தெரியும். முனையில் பேக்கரி வைத்திருந்தாள், கடைக்குள் ரொட்டி வெந்ததைவிட அடுத்த வீட்டு விஷயம் வெந்ததுதான் அதிகம். அவள் விருந்துக்குப் போகவில்லை. இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடையில், மெக்கானிக் வீட்டுச் செருப்பு ஸ்டாண்ட் ஒரு சாண் இந்தப் பக்கம் வந்துவிட்டது என்று ஆரம்பித்த சண்டையில் ஐந்து வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அதற்கு முன்னால் அவளும் மெக்கானிக்கின் மனைவியும் ஒருத்தி வீட்டுக் குழம்பை இன்னொருத்தி ருசி பார்த்து உப்புப் போட்டவர்கள். விருந்தன்றைக்கு பேக்கரி அக்கா டிவியை அலறவிட்டுவிட்டு, கதவிலிருந்த கண்ணாடித் துளை வழியாகப் படியேறிய ஒவ்வொருவரின் உடுப்பையும் விலைபோட்டுக்கொண்டிருந்தாள். போய்ட்டு வா என்று அவள் சொல்லவில்லை. அதனால் அவளைப் பொறுத்தவரை அவர்கள் போகவும் இல்லை.

அதே துளை வழியாகத்தான் மெக்கானிக்கின் மனைவி வெறும் பையோடு கடையிலிருந்து திரும்புவதைத் தினமும் பார்த்தாள். ஒருநாள் பொறுக்கவில்லை. கதவைத் திறந்தாள். வைராக்கியத்தை விட்டுக்கொடுக்காமல் செருப்பு ஸ்டாண்டைப் பார்த்துப் பேசினாள்.

“பசிச்சா கேக்கணும். வாய்க்கு என்ன கேடு?”

பல நாட்களாக வெளியார் குரல் தன்னை நோக்கி வந்தறியாத மெக்கானிக்கின் மனைவி, நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். பேக்கரி அக்கா உள்ளே போய் ரொட்டியும் முட்டையும் எடுத்துவந்து, அதையும் ஸ்டாண்டின் மேலேதான் வைத்தாள்.

அன்று முதல் அவர்களுக்கு வேண்டிய சாமான் எல்லாம் அவள் கையால் வந்தது. அப்படியொரு நாள் அவள் வாங்கிவந்த தக்காளியை மெக்கானிக்கின் மனைவி ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, “இதைக் காசு குடுத்தா வாங்கினீங்க?” என்று கேட்டுவிட்டாள்.

“ஏண்டி, வாங்கிட்டு வந்ததே பெரிசு. இதுல பொறுக்கி வேற எடுக்கணுமா உனக்கு?”

“கடைக்காரன் தலையில கட்டினதை அப்படியே என் தலையில கட்டாதீங்க!”

ஐந்து வருஷப் பாக்கி. இரண்டு பேருக்கும் தொண்டை திறந்துகொண்டது. மேலேயும் கீழேயும் கதவுகள் திறந்தன. கீழ்வீட்டு வக்கீல் பாதிச் சவரத்தோடு படியேறி வந்து, மெக்கானிக்கின் மனைவியை நேருக்கு நேர் பார்த்து, “அட, நீங்க இன்னும் போகலையாம்மா?” என்றார். சண்டை அடங்கியதும் அவர் கண் அவளைத் தாண்டிச் சுவருக்குப் போய்விட்டது. அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. சண்டையை வேடிக்கை பார்க்கிறவனுக்கு இரண்டு பக்கமும் தெரிந்தாக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் அது வெறும் புலம்பல், அதற்கு யார் கதவு திறப்பார்கள்?

இதைத் தெரிந்துகொண்டபின் பேக்கரி அக்கா மதியத்துக்குமேல் கடையை அடைத்துவிட்டு இந்த ஊழியத்தில் இறங்கினாள். மகளின் பள்ளியில் சான்றிதழ் வாங்க அந்தப் பெண்ணைத் தலைமை ஆசிரியர் அறை வாசலில் நிற்கவைத்துத் திட்டினாள். முதலில் எடுத்த பாஸ்போர்ட் போட்டோவில் நீலத் திரை மட்டும் விழுந்திருந்ததால், ஸ்டூடியோவில் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று மூன்று பேரையும் தனித்தனியாக வாங்கு வாங்கென்று வாங்கினாள். போட்டோவில் மூவரும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். சிரிக்கக் கூடாது என்பதுதான் விதியும் என்பதால் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. தினமும் பகலெல்லாம் சண்டை, சாயங்காலம் ஒன்றாக டீ என்று ஆனதில், இருவருக்கும் கோபம் வற்றிக்கொண்டு வந்தது. தூதரகத்திலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்த நேரத்தில் அவர்களிடம் திட்டுவதற்குச் சரக்கே இல்லை. அன்று தவறினால் மறுபடி கூப்பிட மாட்டார்கள் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். வேலை இல்லை, வீட்டில் கட்டில் இல்லை, ஊரில் அவர்கள் இருப்பதாக ஒருவரும் நம்பவில்லை. போக முடியாவிட்டால் எதிர்வீட்டு ரொட்டியைத் தின்றுகொண்டு இப்படியே இருக்க வேண்டியதுதான்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி அவர்கள் எண்ணைக் கூப்பிட்டார். மூவரும் முன்னால் போய் நின்றார்கள். அவர் அவர்கள் தலைக்குமேல் எட்டிப் பார்த்து மறுபடி கூப்பிட்டார். பேக்கரி அக்கா செருப்பு ஸ்டாண்டில் ஆரம்பித்தாள். பாதியில் மெக்கானிக்கின் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா தக்காளிக்குப் போனாள். அவளுக்கே சிரிப்பு வந்தது. பொய்ச் சண்டைக்குக் காவலாளிகூடத் திரும்பவில்லை. அதிகாரி அந்தத் தாளை ஓரமாக வைக்கக் கையெடுத்தார்.

பேக்கரி அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். அவர் வைத்துவிட்டால் மெக்கானிக்கின் மனைவி எதிர்வீட்டிலேயே இருப்பாள், சாயங்கால டீக்கு ஆள் இருக்கும். அந்த நினைப்பு ஒரு கணம் இனிக்கத்தான் செய்தது. இனித்ததே அவளுக்குப் பொறுக்கவில்லை.

“நீ ஊரை விட்டுப் போறேங்கிறதை நான் இஸ்திரிக்காரன் வாயால கேட்டேன்டி! நடையில நாலடி தள்ளி இருக்கேன். என் கதவைத் தட்டிச் சொல்ல உன் கை வளையலையா?”

மெக்கானிக்கின் மனைவி திடுக்கிட்டாள். இது ஒத்திகையில் இல்லாதது.

“தட்டாமலா? மூணு தடவை தட்டினேன்க்கா. நீங்க உள்ளயிருந்து துளையில பார்த்துட்டு நின்னீங்க. கதவுக்கடியில உங்க கால் தெரிஞ்சுது!”

“தெரிஞ்சா இன்னொரு தடவை தட்ட வேண்டியதுதானே!”

“தட்டினா திறந்திருப்பீங்களா?”

“அஞ்சு வருஷமா அதுக்குத்தாண்டி அங்க நின்னேன்!”

வரிசையில் நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். காவலாளி தடுக்க மறந்து சுவரில் சாய்ந்துகொண்டார். அதிகாரி மோவாயைக் கையில் தாங்கியபடி மூன்று பேரையும் முழுசாகப் பார்த்து, போட்டோவோடு ஒப்பிட்டார். பல் கடித்த முகங்கள் அப்படியே பொருந்தின. முத்திரை குத்திய பிறகு, “இவங்க உங்களுக்கு என்ன உறவு?” என்று கேட்டார். இரண்டு பெண்களும் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரே குரலில், “எதிர்வீடு” என்றார்கள்.

கிளம்பும் நாளில் பேக்கரி அக்காவும் விமான நிலையம்வரை போனாள். வாசலில் டிக்கெட் பார்க்கிறவனுக்கு மட்டும் ஒரு சின்னச் சண்டை போதுமாக இருந்தது. பெட்டி எடை கூடினதற்கு யார் காரணம் என்பதில் மெக்கானிக்கையும் சேர்த்துக்கொண்டார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் கவலையில்லை. அங்கே இருப்பவர்கள் எல்லோருமே விடைபெற்று வந்தவர்கள், ஒருவருக்கொருவர் நன்றாகவே தெரிவார்கள்.

மெக்கானிக்கின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “போயிட்டு வரேன்க்கா. ஒரு வார்த்தை சொல்லுங்க. எல்லாரும் சொல்லிட்டாங்க, நீங்கதான் பாக்கி.”

பேக்கரி அக்காவுக்கு வார்த்தை தொண்டைவரை வந்தது. சொல்லாமல் அனுப்புவது மரியாதை இல்லை என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெருவில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

“உள்ள ஏசி குளிரும். காதைச் சுத்திக்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினாள்.

மறுநாள் விடியலில் கடை திறக்கக் கிளம்பியவள் கதவைத் திறந்தபோது, எதிர்வாசலில் மெக்கானிக்கின் மனைவி முழங்கால்வரை தொங்கும் கம்பளிக் கோட்டும் தூக்கக் கலக்கமுமாக நின்றுகொண்டிருந்தாள். அங்கே ராத்திரியாம். அடுப்பு எப்படிப் பற்றவைப்பதென்று புரியவில்லையாம், மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரோடு அதன் கீழே படுத்திருக்கிறாராம். “தொடாதேன்னு சொல்லு அந்த மனுஷனை” என்றாள் பேக்கரி அக்கா, பூட்டைப் பூட்டியபடியே. அப்படித்தான் அது தொடர்ந்தது. மெக்கானிக்குக்கு அங்கே வானளாவிய கட்டிடம் ஒன்றில் லிஃப்ட் வேலை கிடைத்தது, லிஃப்டும் அவரை மதித்தது. மகள் படித்து முடித்து ஒரு பையனைக் கூட்டிவந்து அந்த வாசலில் நிறுத்தினாள். பேக்கரி அக்கா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நிற்கும் நிலை சரியில்லை, மற்றபடி பரவாயில்லை என்று சொன்னபின்தான் கல்யாணம் முடிவானது. குழம்பில் உப்புப் போதுமா என்ற பழைய தகராறும் மறுபடி ஆரம்பமானது.

மெக்கானிக் காலி செய்த வீட்டுக்கு ஒரு பல் டாக்டர் குடிவந்தார், தனிக்கட்டை. காலையில் தன் கதவைப் பார்த்து எதிர்வீட்டம்மா சத்தம் போடுவதைக் கேட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று முதல் வாரம் மன்னிப்புக் கேட்டார். “உங்களை இல்ல தம்பி” என்று அவள் விளக்கினாள். அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை, வாடகை குறைச்சல், தண்ணீர் நன்றாக வருகிறது. இப்போதெல்லாம் அவர் கிளினிக்குக் கிளம்பும் முன் கதவில் காதை வைத்து, பேச்சு ஓய்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே தாழ்ப்பாளைத் திறக்கிறார். இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருக்கையில் குறுக்கே போவது நன்றாக இருக்காது.