மலையாண்டியின் வண்டிக்குள் போன வீடு

புதுக்கோட்டைச் சமஸ்தானத்துப் பிரஜைகள் அனைவரும் கைவேலையைக் கீழே வைத்துவிட்டு, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்கத்தக்க மகத்தான சேதி ஒன்று இதனால் அறிவிக்கப்படுகிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் பொங்கல் கழிந்த ஒரு வெள்ளிக்கிழமை, பொன்னமராவதிக் கடலை வியாபாரி வெள்ளைச்சாமியின் அடுப்படி அவருடைய வீட்டைவிட்டுக் கிளம்பி, அவருடைய தங்கை புருஷன் மலையாண்டியின் மோட்டார் வேனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த வாரம் சந்தையில் கடலை விலை சற்று இறங்கியிருந்தது. கத்தரிக்காய் மலிவு.

வெள்ளைச்சாமி லேசுப்பட்டவர் அல்ல. ஊரின் முதல் சுவர்க்கடிகாரம் அவர் வீட்டில்தான் அடித்தது. முதல் பெட்ரோமாக்ஸ் விளக்கு அவர் வீட்டுக் கல்யாணத்தில்தான் எரிந்தது. முதல் சாய்வு நாற்காலி, முதல் கைக்கடிகாரம், முதல் பொய்ப்பல் எல்லாம் அவருடையவைதான். பொய்ப்பல் கட்டிக்கொள்வதற்காக நல்ல பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார் என்று சொல்பவர்களும் உண்டு. புதிதாக எது வந்தாலும் தம் தலைவாசலில் நுழைந்து உத்தரவு வாங்கிக்கொண்டுதான் ஊருக்குள் போகவேண்டும் என்பது அவருடைய எண்ணம். அந்தத் தலைவாசல் நிலை மிகவும் தாழ்வு. பிறந்ததிலிருந்து அவர் தலைகுனிந்தது அந்த நிலைக்கு மட்டும்தான், அதுவும் நெற்றியில் இடித்துக்கொண்ட பிறகு.

மலையாண்டி அடுத்த தெரு. வெள்ளைச்சாமியின் ஒரே தங்கை அமராவதியைப் பெண் கேட்டு வந்தபோது அவனிடம் இருந்தது இரண்டு உழவு மாடும் ஓயாத சிரிப்பும். “தங்கச்சிய நல்லாத்தான் வச்சிருக்கான்” என்று வெள்ளைச்சாமி நாலு பேரிடம் சொல்வதுண்டு. எவ்வளவு நன்றாக வைத்திருந்தாலும் தம் வீட்டு அளவுக்கு வைத்திருக்கமாட்டான் என்ற நிம்மதி அந்தப் பேச்சில் இருக்கும். அப்படிப்பட்டவன் ஒருநாள், திருச்சியில் ஏதோ ஒரு பிஸ்கோத்துக் கம்பெனி கழித்துப் போட்ட சாமான் வேனை ஏலத்தில் எடுத்து, தானே ஓட்டிக்கொண்டு கடைவீதி வழியாக வந்து மச்சான் வாசலில் நிறுத்தினான்.

“கடலை மூட்டை ஏத்தவா மாப்ள?” என்றார் வெள்ளைச்சாமி.

“இல்ல மச்சான். புள்ளகுட்டியோட ஊரு ஊராப் போயி, அங்கங்க ஆக்கித் தின்னு, இதுலயே படுத்து எந்திரிச்சு வரலாம்னு.”

வெள்ளைச்சாமி வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த வண்டியைப் பார்த்து அவர் சிரித்தது அதுவே கடைசி.

ஆசாரி ஒருவரை வைத்துக்கொண்டு மலையாண்டி அதை அறுத்தான், இழைத்தான், ஆணி அடித்தான். இரண்டு பக்கத் தகரத்தையும் வெட்டிச் சன்னல் வைத்து, அதற்குத் தூக்கிவிடும் பலகை போட்டான். பக்கத்துக்கு ஒன்றாக நீளப் பெட்டி; மூடினால் உட்காரும் பலகை, திறந்தால் அரிசியும் பருப்பும். சுவரோடு சங்கிலியில் மடித்து மாட்டும் கட்டில். குடம் உருளாமல் இருக்கப் பலகையில் வட்டமாக வெட்டிய பள்ளம். கூரையில் தொட்டிலுக்கு ஒரு கொக்கி, லாந்தருக்கு ஒரு கொக்கி. வெயில் வந்தால் பக்கவாட்டில் இழுத்துக் கட்ட மேலே ஒரு கித்தான் சுருள். மூலையில் ஒரு பம்பு ஸ்டவ். பிஸ்கோத்து வாசனை மட்டும் போகவில்லை. மகள் பிரகதாம்பாள் சுவரை நக்கிப் பார்த்து, இனிக்கிறது என்று தெருவுக்கே அறிவித்தாள்.

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்த அன்று வெள்ளைச்சாமியும் போனார். எல்லோரும் எட்டிப் பார்த்த பிறகு, கடைசியில், ஒப்புக்குப் பார்ப்பவர் போல எட்டிப் பார்த்தார். உள்ளே அமராவதி பம்பு ஸ்டவ்வில் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தாள். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் எங்கேயோ போய்க்கொண்டிருப்பவளின் முகம் அவளுக்கு. தம் வீட்டில் பதினெட்டு வயது வரை வளர்ந்தவள் ஒருநாள்கூட அந்த முகத்தோடு இருந்ததில்லை. வெள்ளைச்சாமிக்கு நெஞ்சுக்கும் தொப்புளுக்கும் நடுவே யாரோ வற்றல் மிளகாயை வறுப்பது போல இருந்தது. “அடுப்புச் சின்னது” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் அவர் மனைவி அழகம்மாள் தவலையோடு அடுப்படிக்குள் காலை வைத்து, கொல்லைப்புறத்து முருங்கை மரத்தடியில் போய் நின்றாள். நடுவே இருக்கவேண்டிய அறை இல்லை. சுவர் இடியவில்லை, ஓடு சரியவில்லை. கூடத்துக்குப் பிறகு நேரே கொல்லை. அவள் திரும்பிப் போய் இன்னொரு தடவை நடந்து பார்த்தாள். அப்போதும் முருங்கை மரம்தான் வந்தது. அதற்குள் அமராவதி ஓடி வந்தாள்.

“அண்ணே, ஒங்க அடுப்படி எங்க வண்டிக்குள்ள வந்து கெடக்கு. நேத்து வச்ச ரசங்கூட அப்பிடியே இருக்கு. மதினி, உப்பு கொஞ்சம் தூக்கலுங்க.”

போய்ப் பார்த்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வண்டி ஒரு விரற்கடைகூட வளரவில்லை. உள்ளே ஸ்டவ் இருந்த மூலையில் ஒரு கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் வெள்ளைச்சாமியின் அடுப்படி, கரிபிடித்த சுவர், அம்மி, உரல், உறி, பூனை உள்பட. வெள்ளைச்சாமி “திருட்டுப்பய” என்று சொல்வதற்காக வாயைத் திறந்தார். அந்த நேரத்தில் கூட்டத்தில் நின்ற கருவாட்டுக்காரி ராக்காயி முகவாயில் கைவைத்துச் சொன்னாள்:

“அண்டா குடுப்பாக, சருவம் குடுப்பாக. அடுப்படியவே பேத்துத் தங்கச்சிக்குச் சீராக் குடுத்த மகராசன இப்பத்தாண்டி ஆத்தா பாக்குறேன்.”

கூட்டம் வெள்ளைச்சாமியைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையில் இருந்த மரியாதை, சுவர்க்கடிகாரத்துக்கும் கிடைக்காதது, பொய்ப்பல்லுக்கும் கிடைக்காதது. திறந்த வாய் தானாகப் பேசியது.

“பெறகு? ஒத்தத் தங்கச்சி. அண்டாவோட நிப்பாட்டுற ஆளா நானு?”

அவர் செய்த தப்பு அது ஒன்றுதான். போனது போனதாக இருந்திருந்தால் கோடாங்கியை வைத்துக் குறி கேட்டிருக்கலாம், பரிகாரம் செய்திருக்கலாம். பிறந்த வீட்டுச் சீர் என்று சபையில் சொல்லிவிட்ட பிறகு அதைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் அந்தச் சீமையில் இல்லை. வண்டிக்குள் அடுப்படி எப்படி நுழைந்தது என்ற கேள்வியையும் அத்தோடு எல்லோரும் விட்டுவிட்டார்கள். அண்ணன் வீட்டுப் பொருள் தங்கை வீட்டுக்குப் போவதில் என்ன அதிசயம்?

அதன் பிறகு வண்டி ஊரைவிட்டுப் போவதும் வருவதுமாக இருந்தது. ஆடியில் குற்றாலம் போய்வந்து, வண்டிக்குள் கால் நீட்டிப் படுத்துக்கொண்டே சாரல் பார்த்ததை மலையாண்டி சொன்னான். வெள்ளைச்சாமி காதைக் கொடுக்காதவர் போல இருந்தார். அன்றிரவே கூடம் போனது, சாய்வு நாற்காலியோடும் அடித்துக்கொண்டிருந்த கடிகாரத்தோடும். பழனி போய்வந்தார்கள், உள்ளறை போனது. மழை பொய்த்த கோடையில், வழியெல்லாம் ஊருக்கு ஊர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்த கதையை அவர்கள் சிரித்துச் சிரித்துச் சொன்னபோது, கஷ்டத்தில்கூட இவர்களுக்கு ஒரு கொண்டாட்டமா என்று அவருக்குப் பொறுக்கவில்லை, கிணறு போனது. மேடு பள்ளத்தில் ஓடும்போது அது தளும்பவில்லை, தவளைகளும் பழகிக்கொண்டன. கிணறு விஷயத்தில்தான் ஊர் கொஞ்சம் யோசித்தது: கிணற்றைச் சீராகக் கொடுத்தால் அதில் பங்காளிகளுக்கு உள்ள இறைவை முறை என்ன ஆவது? வண்டி ஊரில் நிற்கிற நாளில் முறைப்படி இறைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ஒவ்வொரு தடவையும் மேளம் வைத்து வெள்ளைச்சாமிக்கு மாலை போட்டார்கள். மாலையை வைக்க வீட்டில் இடம் குறைந்துகொண்டே வந்தது.

அவர் சும்மா இருந்துவிடவில்லை. வண்டி தெருவில் திரும்பும் சத்தம் கேட்டால் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டார், காது பார்த்துக்கொண்டது. பொறாமையை வேறு பக்கம் திருப்பிவிடலாம் என்று, வல்லத்திராக்கோட்டையில் ஒருவர் கிராமபோன் வாங்கியிருக்கிறார் எனக் கேள்விப்பட்டு, மெனக்கெட்டுப் போய் எதிரே உட்கார்ந்து ஒரு பகல் முழுவதும் பொறாமைப்பட முயன்றார். பாட்டு நன்றாக இருந்தது. மனசு ஒட்டவில்லை. திரும்பி வரும்போது வண்டி எதிரே வந்தது. பின்பக்கச் சன்னலில் அமராவதி தலைகாய வைத்துக்கொண்டு போனாள். வீட்டுக்கு வந்தால் மாட்டுக்கொட்டகை இல்லை.

அழகம்மாள் முதலிலெல்லாம் சமைப்பதற்கு மட்டும் வண்டிக்குப் போனாள். பிறகு வண்டி கிளம்பும்போதும் இறங்கவில்லை. “என் அடுப்படி எங்கிட்டுப் போகுதோ நானும் அங்கிட்டுத்தானே போகணும்” என்றாள். ராமேசுவரம் போய் முகம் கறுத்து, கண் மட்டும் பளபளவென்று வந்து இறங்கினாள். புருஷனுக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள்.

“கடலு எப்பிடி இருந்துச்சுன்னு கேக்கமாட்டீங்களா?”

“தண்ணிதானே.”

“ஆமாமா, தண்ணிதான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சொல்ல வந்ததைச் சொல்லாமல் மடித்து வைத்துக்கொண்டு போகிற நடை அது. ஊரில் முதலில் கடல் பார்த்த பொம்பளை தம் மனைவியாக இருந்தும், அதைப் பார்த்த பெருமை மலையாண்டி வண்டிக்குப் போய்விட்டது என்று வெள்ளைச்சாமி அந்தச் சோற்றைத் தொடவில்லை. மறுநாள் கூரை போனது.

யுத்தம் வந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன் என்றார்கள். வண்டியின் ஓட்டம் குறைந்தது. வெள்ளைச்சாமி ஒவ்வொரு சண்டைச் செய்தியையும் பத்திரிகையில் ஆவலாகப் படித்தார். அந்த நிலையில்தான் பிரகதாம்பாளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். குன்றாண்டார்கோவில் பக்கத்தில் இருக்கிற மலையாண்டியின் குலசாமிக் கோயிலில். காது குத்துவது தாய்மாமன் மடியில் உட்கார வைத்து. மடி இல்லாவிட்டால் காதுகுத்து இல்லை. ஆனால் தாய்மாமனோ அந்த வண்டியில் இதுவரை கால் வைத்ததில்லை, வைப்பதாகவும் இல்லை. அவரிடம் மிச்சம் இருந்தது தலைவாசல் நிலை ஒன்று, அதற்குப் பின்னால் வெறும் மனை, எருக்கஞ்செடி, ஒரு முக்காலி. காலையில் எழுந்து கொல்லைப்பக்கமாகச் சுற்றி வந்து, நிலைவழியாகத் தலையைக் குனிந்து தெருவுக்கு வந்து, கதவைப் பூட்டிவிட்டுத்தான் கடைக்குப் போவார்.

காதுகுத்தன்று சேமித்து வைத்த பெட்ரோலை ஊற்றி, வண்டியை அவர் வாசலுக்கு நேரே பின்பக்கமாக நிறுத்தினான் மலையாண்டி. “ஏறுங்க மச்சான்” என்றான். “மாட்டுவண்டி சொல்லியிருக்கேன் மாப்ள. முந்திப் போங்க” என்றார் அவர். மாட்டுவண்டி எதற்கும் அவர் சொல்லியிருக்கவில்லை. அமராவதி இறங்கி வந்தாள்.

“நீங்க வாரீங்களா, இல்லையான்னு மட்டும் சொல்லுங்கண்ணே. இல்லைன்னா புள்ள காத மூளியாவே விட்டுர்றேன். எங்க மாமனுக்கு எங்க மேல பொறாமைன்னு, கேக்குறவுகளுக்கு அவளே சொல்லிக்கட்டும்.”

அந்தச் சொல்லை அத்தனை வருஷத்தில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வெள்ளைச்சாமிக்குக் கோபம் வரவேண்டியது, வரவில்லை. பட்டுப்பாவாடையோடு பிரகதாம்பாள் வண்டியின் பின்கதவைத் திறந்து கையை நீட்டினாள்.

“மாமா, ஒங்க வீட்டுக்கு வாங்க. ஒங்களத் தவிர எல்லாம் இருக்கு.”

அவர் உள்ளே பார்த்தார். கூடத்தில் கடிகாரம் அடித்தது. சாய்வு நாற்காலியில் பூனை படுத்திருந்தது. கிணற்றடியில் அழகம்மாள் முகம் கழுவிக்கொண்டு, கடலைப் பார்த்த அதே கண்ணோடு இந்தப் பக்கம் திரும்பினாள். அவ்வளவு நல்ல வீட்டைத் தாம் எங்கேயும் கண்டதில்லை என்று வெள்ளைச்சாமிக்குத் தோன்றியது. அதில் குடியிருக்கிறவர்கள் மேல் அவருக்கு அன்று வந்த பொறாமை, அதுவரை வந்த எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினாலும் ஈடாகாது. முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னக் காற்று. நிலையும் கதவும் பூட்டும் போய்விட்டன. வண்டியின் பின்பக்கத்தில் அவருடைய தலைவாசல் நின்றது. இடுப்பில் இருந்த சாவியை எடுத்துத் திறந்து, பழக்கப்படி நெற்றியில் இடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து உள்ளே போனார். பூனை எழுந்து இடம் கொடுத்தது. பிரகதாம்பாள் ஓடிவந்து மடியில் உட்கார்ந்தாள்.

மலையாண்டி வண்டியைக் கிளப்பினான். அது இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கியது. சேமித்து வைத்த பெட்ரோலில் பாதி மண்ணெண்ணெய் என்று அப்போதுதான் தெரிந்தது. மேலத் தெருவில் அன்றைக்குச் சாவு விழுந்திருந்தது. பாடை வருகிற பாதையை மறித்துக்கொண்டு நிற்கக்கூடாது என்று ஊர்க்காரர்கள் சேர்ந்து வண்டியைத் தள்ளினார்கள். ஒதுக்கி நிறுத்த அந்தத் தெருவில் காலியாக இருந்த இடம் ஒன்றுதான், வெள்ளைச்சாமியின் மனை. அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்திற்று. இடம் எதுவானாலும் மடி மாமன் மடிதானே என்று பங்காளிகள் தீர்ப்புச் சொல்ல, கூடத்திலேயே காது குத்தினார்கள். பிள்ளை அழுதது. மாமனும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், புகை என்றார்.

கூப்பன் பிறகு கிடைக்கவே இல்லை. யுத்தம் முடிந்தபோது எஞ்சினுக்குள் எலி குடியிருந்தது. மலையாண்டி தினமும் முன்னால் போய் ஸ்டியரிங் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருப்பான். அந்த ஓட்டுகிற இடம் ஒன்றுதான் தம் வீட்டிலிருந்து போகாதது என்று வெள்ளைச்சாமி கூடத்திலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்து என்ன, போவதற்கு இனி அவரிடம் எதுவும் இல்லை. அழகம்மாள் அடுப்படியிலிருந்து கொல்லைக்கு இறங்கினால் பழைய முருங்கை மரம். ஊருக்கு அது மலையாண்டி வண்டி. பழைய வீட்டில் இல்லாதது இதில் இருப்பது நான்கு டயர். அவற்றிலும் காற்று இல்லை.