சுண்டுவிரலுக்கு இடமில்லாத துப்பாக்கி

வெயில் ஏறுவதற்கு முன்பே ஏட்டு வரதன் ஆரம்பித்துவிட்டான்.

"இன்னா தங்கச்சி, கையில கீறது துப்பாக்கியா, பல்லு வெளக்குற பிரஷ்ஷா? ஆடிகினே கீதே!"

செங்கொடி திரும்பவில்லை. மெய்க்காவல் அணியில் ஓர் இடம்தான் காலி. அதற்குப் போட்டியிட்டு மீஞ்சூர் தாண்டிய இந்தச் சுடுதளம்வரை வந்தவர்கள் அவர்கள் இருவரும்தான். கிடைக்காவிட்டால் அவளுக்கு மறுபடி பந்தோபஸ்து. ஊர்வலம் போகும் சாலையில், ஒதுங்க ஒரு மறைவுகூட இல்லாமல், இருட்டும்வரை நிற்க வேண்டும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தே அவளுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்துவிட்டது.

அணிக்குக் கொடுப்பது சட்டைக்குள் மறைகிற கைத்துப்பாக்கி. சின்னது, சாதுவாக இருக்கும் என்று நினைத்தவர்கள் முதல் வெடியிலேயே விழித்துக்கொள்வார்கள். தோட்டா என்னவோ பெரிய துப்பாக்கியுடையதுதான். அது முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். கனமான துப்பாக்கி அந்த உதையில் பாதியைத் தானே தின்றுவிடும். இதற்கு அந்தக் கனம் கிடையாது. போதாக்குறைக்குக் குழல் கைக்கு மேலே இருக்கிறது. உதை மேலே, பிடி கீழே; குழலின் மூக்கு வானத்தைப் பார்த்துத் துள்ளாமல் என்ன செய்யும்? பிடியும் கட்டை என்பதால் சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும்.

இந்தத் துள்ளலுக்குப் பயந்த கை முந்திக்கொள்ளும். வெடிக்கும் முன்பே மூக்கைக் கீழே குத்தும். குண்டு மண்ணைத் தின்னும். வெடியின் துள்ளலில் கை குத்தியது யார் கண்ணிலும் படாது. காட்டிக்கொடுப்பதற்கென்றே இருக்கிறது டம்மி, அதாவது மருந்தில்லாத தோட்டா. நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே அது வந்தால் 'டிக்' என்பதோடு சரி. பயந்த கை மட்டும் வெடிக்காத துப்பாக்கியை அசட்டுத்தனமாகக் கீழே அமுக்கும்.

இன்ஸ்பெக்டர் தேவகிருபை இருவரையும் முறைத்தாள். "ஒருத்தர் மேகசினை இன்னொருத்தர் நிரப்புங்க. டம்மி போடலாம், போடாமலும் இருக்கலாம். வெளிய சொல்லப்படாது. யாரு குறி சிதறாம நிக்கோ, அவங்க அணிக்கு. விளங்குச்சா?"

வரதன் முதுகைக் காட்டிக்கொண்டு அவளுடைய மேகசினில், அந்தத் தோட்டாக் கூட்டில், நிரப்பினான். "உன் கை குத்துறத எல்லாரும் பாக்கட்டும்."

செங்கொடி முதலில் நின்றாள். பயிற்சியின் ஆரம்பத்தில், இடுப்பில் தண்ணீர்க்குடம் இருப்பதுபோல் பின்னால் சாய்ந்து நின்று ஏச்சு வாங்கியவள் அவள். பிறகொரு நாள், அப்பாவின் மீன்பாடி வண்டியைப் பாலத்தின் மேல் தள்ளியது ஞாபகம் வந்தது. எடை முன்னங்காலில் இருக்கும், முழங்கை லேசாக மடங்கும், மணிக்கட்டு மட்டும் விறைத்திருக்கும். மணிக்கட்டு மடங்கினால் வண்டி பின்னால் உருண்டு நம் மேலேயே ஏறிவிடும். அன்றிலிருந்து அப்படித்தான் நிற்கிறாள். வலது கையைப் பிடியில் எவ்வளவு மேலே ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றினாள். மிச்ச இடத்தை இடது உள்ளங்கையால் அடைத்தாள். தொங்கிய சுண்டுவிரலையும் அந்தக் கையே அணைத்துக்கொண்டது.

வெடித்தது. மூக்கு எழுந்தது. அவள் அதோடு மல்லுக்கு நிற்காமல், எழுந்த வழியே இறங்கட்டும் என்று விட்டு, அடுத்ததை அழுத்தினாள். டிக். மூக்கு அசையவில்லை. டம்மியை வெளியே தள்ளிவிட்டு அழுத்தினாள். மறுபடியும் டிக்.

"ரெண்டா போட்டுக்கீற அண்ணாத்தே? பெரிய மனசுதான்."

கடைசிக் குண்டு இலக்கு அட்டையின் ஓரத்துக்கு ஓடியது. மற்றவை நடுவில்.

அடுத்து வரதன். அவள் நிரப்பிக் கொடுத்தாள். "டம்மியத் தேடிகினே சுடு."

முதல் குண்டு நட்ட நடுவில். அவன் நன்றாகச் சுடுகிறவன்தான். ஆனால் அடுத்தது டம்மியாக இருந்தால்? கை குத்திவிடக் கூடாதே என்று மணிக்கட்டைத் தளர்த்தினான். வெடித்தது, மூக்கு எகிறியது. அப்படியானால் டம்மி இதற்கடுத்ததுதான். இன்னும் தளர்த்தினான். குண்டுகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போயின. திடீரென்று விசை மக்கர் செய்தது.

"தோ, டம்மி! பாத்தீங்களா மேடம், மூக்கு அசையவே இல்ல!"

தேவகிருபை கிட்டே வந்து பார்த்தாள். மேலே சறுக்கும் ஸ்லைடின் வாயில், எண்ணூர் அனல்மின் நிலையப் புகைபோக்கி மாதிரி, வெடித்த தோட்டாவின் வெற்றுக் கூடு செங்குத்தாகச் சிக்கியிருந்தது. உதைதான் ஸ்லைடைப் பின்னால் தள்ளிக் கூட்டை வெளியே எறிய வேண்டும். பிடித்த கை விறைப்பாக இருந்தால்தான் அது முழுதாகப் போகும். தொளதொளத்த மணிக்கட்டு உதையை விழுங்கிவிட்டது. ஸ்லைடு பாதி வழியில் திரும்பிக் கூட்டைக் கவ்விக்கொண்டது.

"இது டம்மி இல்லை, உங்க கை," என்றாள்.

"அப்ப டம்மி எங்க?"

"போடவே இல்ல," என்றாள் செங்கொடி.

"ஏமாத்துறியாடி!" துப்பாக்கி கையில் இருக்க, வரதன் அவள் பக்கம் திரும்பினான்.

"மூக்க முன்னால திருப்பு! துப்பாக்கிய மேசையில வை!" தேவகிருபையின் குரலில் பக்கத்து உப்பளத்துக் கொக்குகள் எழுந்து பறந்தன. அவன் வைத்தான். மேகசினில் மிஞ்சியவற்றை அவளே வெளியே கொட்டினாள். எல்லாமே நிஜத் தோட்டா.

"போட்டே ஆகணும்னு நான் சொல்லலையே," என்றவள் செங்கொடியிடம், "நாளைக்கு அணியில வந்து சேரு," என்றாள்.

வரதன் நகரவில்லை. "ரோட்டுல இனிமே நான் நிக்கணுமா?"

செங்கொடி மண்ணில் கிடந்த இரண்டு டம்மிகளையும் பொறுக்கி, அவன் சட்டைப் பையில் போட்டாள்.

"நில்லு. தண்ணியும் நல்லா குடி. உனக்கின்னா அண்ணாத்தே, ஒரு செவுரு போதும்."