ஒன்றுமில்லாத வலி

அடிவயிற்றில் மறுபடியும் சுருக்கென்று குத்தியது. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு அனுப்பியவர்கள், இனிக் குழந்தை தங்கிவிடும் என்றார்கள். எந்தக் குத்து சாதாரணம், எந்தக் குத்து ஆபத்து என்று கேட்டால் மட்டும், "உங்களுக்கே தெரியும்" என்றார்கள். எப்படித் தெரியும்? அவளென்ன குறி சொல்கிறவளா?

"ஏங்க, திரும்பக் குத்துது."

தீயணைப்பு வண்டி ஓட்டுகிற கணவன், சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டான்.

"மறுபடியுமா? ரெண்டு தடவை போய் ஒண்ணுமில்லன்னு கேட்டுட்டு வந்தாச்சு. கொஞ்சம் தூங்கு, சரியாயிடும்."

தூங்கு, சரியாயிடும். முதல் கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் இதையேதான் சொன்னான். வெறும் வாயு என்றாள் மாமியார். அவளும் நல்ல பிள்ளையாகத் தூங்கினாள். விடிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இத்தனை நாள் அதை அவள் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியதில்லை. இன்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"எவனோ பாலைத் தீய விட்டுட்டு போன் பண்ணா, சாப்பாட்டுல வெச்ச கையை உதறிட்டு ஓடுறீங்க. போய்ப் பார்த்தா வெறும் புகை. அவன்கிட்ட 'மறுபடியுமா'ன்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா? போன தடவையும் தூங்கச் சொன்னீங்க. தூங்கினேன்."

அவன் முகம் செத்துப்போயிற்று. வண்டிச் சாவியைத் தேடினான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவளிடம் கண் ஜாடை காட்டினாள். வயிற்றில் கைகூட வைக்கவில்லை.

"ஒண்ணுமில்லம்மா. இந்த மாசத்துல எல்லாருக்கும் வர்றதுதான். வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க."

"ஒண்ணுமில்லன்னா சந்தோஷமாப் போறேன், சிஸ்டர். ஆனா பார்த்துட்டுச் சொல்லுங்க. பார்க்காம சொல்றதுக்கு எங்க வீட்டுலயே ஆள் இருக்காங்க."

வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவள் நகருவதாக இல்லை. கடைசியில் டாக்டரம்மாவே வெளியே வந்து உள்ளே அழைத்துப் போனார்.

ஸ்கேனில் தையல் கெட்டியாக இருந்தது. குழந்தை காலை உதைத்துக்கொண்டு ஜம்மென்று கிடந்தது. குத்தலுக்கு மட்டும் காரணம் அகப்படவில்லை. சிலதுக்கு அகப்படாது என்றார் டாக்டரம்மா. அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

வெளியே வந்ததும் நர்ஸ் விடவில்லை.

"நான் அப்பவே சொன்னேனா இல்லையா? இனிமே சும்மா சும்மா இதுக்கெல்லாம் ஓடி வராதீங்க."

அவள் வாயைத் திறப்பதற்குள் கணவன் முந்திக்கொண்டான்.

"வருவோம், சிஸ்டர். நாளைக்குக் குத்தினா நாளைக்கும் வருவோம். முதல் குழந்தைக்கு வராம இருந்துட்டோம்."