சர்க்கரை மேல் பழி

பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரனை அறைவதற்கு முன்னால் அவள் தன் விரலைக் குத்திப் பார்த்துக்கொண்டாள்.

அவன் செய்தது இதுதான். காலை நீட்ட இடமில்லை என்று அவளுடைய பையை உதைத்து நடுவழிக்குத் தள்ளினான். பைக்குள் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய பிளாஸ்க் இருந்தது. அதற்குள் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய இன்சுலின் இருந்தது. "மருந்து இருக்குங்க, உதைக்காதீங்க" என்று இரண்டு முறை மரியாதையாகச் சொன்னாள். மூன்றாவது முறையும் உதைத்தான். "மருந்து இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போ, பஸ்ல எதுக்கு வர்றே?" என்று கேட்கவும் செய்தான்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றாள் அவள். கைப்பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்தாள். விரல் நுனியைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் வைத்தாள். என்னவோ வேடிக்கை காட்டுகிறாள் என்று அவனும் எட்டிப் பார்த்தான். நூற்று முப்பது. சர்க்கரை இறங்கவில்லை. அப்படியானால் வந்திருப்பது சொந்தக் கோபம்தான். மெஷினைப் பத்திரமாக உள்ளே வைத்தாள், ஜிப்பை மூடினாள், பிறகு ஓங்கி ஓர் அறை விட்டாள்.

நாள் முழுக்கக் கனத்த கத்திரி பிடிக்கிற கை அது. துணி தைக்கும் பட்டறை ஒன்றில் அவள் கட்டிங் மாஸ்டர். முதலாளி முதல் பட்டன் தைக்கிற பெண் வரை எல்லோருக்கும் அவள் 'மாஸ்டர்'தான், சொந்தப் பெயர் சம்பள நாளன்று மட்டும் வெளியே வரும். வேலையிலும் பேச்சிலும் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. அறை வாங்கியவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கண்டக்டரைக் கூப்பிட்டான். கண்டக்டர் அவளையும் பார்த்தார், அவனையும் பார்த்தார், கடைசி வரிசையில் இடம் இருக்கிறது என்று அவனிடம் சொன்னார். புத்திசாலி மனிதர்.

விரலைக் குத்தாமல் கோபப்படக் கூடாது என்பது மாஸ்டர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். அதற்குக் காரணம் அவள் பிறந்த வீடு. பதினோரு வயதில் அவளுக்குச் சர்க்கரை வியாதி வந்தது. அன்றிலிருந்து தினமும் ஊசி. ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் கணக்குத் தப்பினால் சர்க்கரை சர்ரென்று இறங்கிவிடும். உடம்பு வியர்க்கும், கை நடுங்கும், கூடவே கண்மண் தெரியாத ஆத்திரமும் வரும். அப்படி ஒரு சமயம் தம்பியின் முன்பல்லைப் பாத்திர மூடியால் உடைத்திருக்கிறாள். வாயில் இரண்டு கரண்டி சர்க்கரை போனதும் தெளிந்து, "யார்டா உன்னை அடிச்சா?" என்று அவனையே கேட்டிருக்கிறாள்.

அதோடு போயிற்று அவள் கோபத்தின் மரியாதை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் எதற்குக் குரலை உயர்த்தினாலும் மருந்து ஒன்றுதான். படிப்பை நிறுத்தாதீர்கள் என்று கத்தினால் சர்க்கரை. தம்பிக்கு மட்டும் ஏன் புதுச்சட்டை என்று கேட்டால் சர்க்கரை. அப்பா லாரி ஓட்டியவர். வெளியே பரம சாது, வீட்டுக்குள் நுழைந்தால் பெல்ட்டைக் கழற்றுவார். பதினாறு வயதில் ஒருநாள், அம்மாவை அவர் அடித்த அடி தாங்காமல் மாஸ்டர் குறுக்கே விழுந்து அவர் கையைக் கடித்தாள். அப்பா அவள் தாடையைப் பிடித்து அழுத்தி ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றினார். அன்று அவளுக்குச் சர்க்கரை இறங்கவே இல்லை, ஏற்கெனவே ஏறித்தான் கிடந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது, அடி வாங்கிய அம்மாவே, "நீ உடம்பு சரியில்லாமத்தாம்மா அப்படிப் பண்ணிட்டே" என்றாள். அந்த வார்த்தையை மாஸ்டர் இன்னும் மன்னிக்கவில்லை. அம்மா செத்துப்போன பிறகும் மன்னிக்கவில்லை.

இப்போது அவள் போவது அதே அப்பாவைப் பார்க்கத்தான். ஒரு பக்கம் கை கால் விளங்காமல் தம்பி வீட்டில் இருக்கிறார். எதிர்வீட்டில் துணி தேய்த்துக் கொடுக்கும் அம்மாள் போன் செய்திருந்தாள். "உங்க தம்பி பெரியவரை அடிக்கிறார் போல. சத்தம் கேக்குது. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க." அவ்வளவுதான் பேசினாள். மாஸ்டர் மேஜையில் விரித்திருந்த துணியை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினாள். அப்பா மேல் பாசமா என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. ஆனால் அந்த மனிதரை அந்த வீட்டிலிருந்து எப்படியாவது கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

தம்பியின் வீட்டுக்கு முன்பக்கம்தான் அவனுடைய பஞ்சர் கடை. ஒரு டயரைத் தரையில் போட்டு ஏறி நின்று மிதித்துக்கொண்டிருந்தவன் அவளைப் பார்த்ததும் இறங்கினான்.

"என்னக்கா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற?"

"அப்பனைப் பாக்க அப்பாயின்ட்மென்ட் வாங்கணுமாடா?"

சிரித்தான். அந்த உடைந்த பல்லுக்குப் பதில் கட்டிய பல் தனியாக மின்னியது. "போ, உள்ளதான் இருக்கார். ராஜா மாதிரி வெச்சிருக்கேன்" என்றான்.

ராஜா பழைய டயர்கள் அடுக்கிய பின்கட்டு அறையில் ஒரு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அறை முழுக்க ரப்பர் வாடை. லாரியின் ஸ்டியரிங்கை ஒற்றைக் கையால் வளைத்த ஆளுக்கு இப்போது தோள் எலும்பு சட்டைக்கு மேல் துருத்திக்கொண்டு தெரிந்தது. இடது கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. மாஸ்டர் எதுவும் கேட்காமல் அவர் சட்டையைப் பின்பக்கமாகத் தூக்கினாள். முதுகில் இரண்டு விரல் அகலத்தில் நீள நீளமான தடிப்புகள். சில பழசு, சில புதுசு. வாழ்நாள் முழுக்கத் துணியில் கோடு போட்டவளுக்கு அளவு சொல்லித்தர வேண்டுமா? பழைய டயர் டியூபிலிருந்து நேராக வெட்டியெடுத்த பட்டையின் தடம் அது.

"கீழ விழுந்துட்டேன்" என்றார் அப்பா.

"வரி வரியாவா விழுந்தீங்க?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சத்தம் போடாதம்மா. அவன் நல்லவன்தான். கோபம் வந்தா மட்டும்..."

இந்த வாக்கியத்தை அவள் இதற்கு முன் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். அம்மா அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம் அது. பாவம் என்று நினைத்தாள், அந்த நினைப்புக்கு அடியிலேயே, உனக்கு வேண்டும் என்றும் ஒரு குரல் வந்தது. அந்தக் குரலும் அவளுடையதுதான், அதை அவள் மறைக்கவில்லை.

"என்கூட வந்துடுங்கப்பா."

"உன் உடம்பையே உன்னால பாத்துக்க முடியல. நான் வேறயா?"

"இவ்வளவு வருஷமா என் உடம்பை யாரு பாத்துக்கிட்டா? நீங்களா?"

தம்பி மனைவி எட்டிப் பார்த்து, "சாப்பாடு போட்டாச்சு, வாங்க அண்ணி" என்றாள். அவள் முகத்தில் காயம் எதுவும் இல்லை. ஆனால் தம்பி தும்மினால்கூடத் தோளைக் குறுக்கிக்கொள்கிறாள் என்பதை மாஸ்டர் கவனித்தாள்.

அப்பாவையும் மேஜைக்குக் கூட்டிவந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். மாஸ்டர் இன்சுலின் பேனாவை எடுத்து ஊசியை மாட்டினாள். அப்பா விளங்குகிற கையால் தண்ணீர் டம்ளரை எடுக்கப் போக, அது நழுவித் தம்பியின் தட்டில் கவிழ்ந்தது. தம்பி மென்றுகொண்டே, சுவரில் ஆணி அடிக்கிறவன் போல, அவர் பின்மண்டையில் ஒன்று போட்டான். அப்பாவின் நெற்றி போய் மேஜையில் மோதியது. தம்பி அடுத்த வாய் எடுத்தான். அவன் மனைவி துணி எடுத்துத் தண்ணீரைத் துடைத்தாள். ஒருத்தர் முகத்திலும் மாற்றமில்லை. அதுதான் மாஸ்டருக்குத் தாங்கவில்லை.

ஊசி போடாமலே பேனாவைக் கீழே வைத்தாள். மெஷினை எடுத்தாள். விரலைக் குத்தினாள்.

"என்னக்கா, மயக்கம் வருதா?" என்றான் தம்பி.

எண் வந்தது. மெஷினை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். "படிடா."

"நூத்தி நாப்பத்திரண்டு."

"நல்லாப் பாத்துக்கோ. நீயும் பாத்துக்கோம்மா. அப்பா, நீங்களும் பாருங்க. இறங்கல. நான் இப்போ பண்ணப்போறதுக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தமே இல்ல."

சொல்லிவிட்டு, சோறும் குழம்புமாக இருந்த தட்டைத் தூக்கி விளிம்போடு அவன் முகத்தில் இறக்கினாள். புருவம் கிழிந்தது. அவன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தான். எழுவதற்குள் மேஜையைச் சுற்றிப் போய் அவன் விலாவில் உதைத்தாள். இரண்டாவது உதையில் அவன் காலைப் பிடித்து இழுத்துவிட்டான். டயரோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு அவள் எம்மாத்திரம்? முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். உதடு பிளந்து வாய் உப்புக் கரித்தது. அவள் அவன் காதைப் பிடித்துத் திருகினாள். கண்ணில் ரத்தம் இறங்க அவன் அலறினான்.

"சர்க்கரை! சர்க்கரையைக் கொண்டாடி!"

"இல்லைங்க, இப்பத்தானே பாத்தாங்க, நூத்தி..."

"கொண்டாடின்னா!"

பழக்கம் என்பது அவ்வளவு பொல்லாதது. கண்ணால் எண்ணைப் பார்த்தவள்தான், இருந்தும் ஓடிப்போய் ஒரு டம்ளரில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டு வந்தாள். வந்தவள் ஊற்ற மனமில்லாமல் நின்றாள். தம்பி அக்காவைச் சுவரோடு அழுத்தி ஒரு கையால் தாடையை நெரித்தான். அப்போது அப்பா எழுந்தார். காலை இழுத்து இழுத்து வந்தார். மருமகள் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"குடிம்மா. குடிச்சா சரியாப் போயிடும்" என்று அவள் வாயில் சாய்த்தார்.

தித்திப்புத் தண்ணீர் தொண்டைக்கும் மூக்குக்குமாக ஏறியது. மூச்சு முட்டியது. இருமியபடியே அவர் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தாள். அவர் காதோரம் குனிந்து, "சர்க்கரைன்னு ஒத்துக்கோம்மா. இல்லேன்னா நீ போனப்புறம் எனக்குத்தான் விழும்" என்றார்.

கேட்டது அவளுக்கு. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. அதற்குப் பிறகுதான் அவள் கை போனது.

தம்பியை நோக்கி வீசிய கை தவறிப்போய் அவர் மேல் பட்டது என்று சொன்னால் கதை கேட்கிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். அது பொய். தாடையைப் பிடித்தவனை விட்டுவிட்டு, டம்ளரைப் பிடித்தவரைப் பார்த்து, மடக்கிய முஷ்டியால் வாயில் குத்தினாள். பதினாறு வயதிலிருந்து காத்திருந்த குத்து அது. அப்பா ஒரு சத்தமும் போடாமல் மேஜைக் காலில் இடித்துக்கொண்டு சரிந்தார். வாயிலிருந்து ரத்தமும் ஒரு பல்லும் சட்டையில் விழுந்தன. விழுந்தவர், விளங்குகிற கையைத் தலைக்கு மேல் தூக்கி மறைத்துக்கொண்டார், அடுத்த அடி வரும் என்று.

தம்பி பிடியை விட்டான். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். பிறகு, பிளந்த புருவத்தோடு சிரிக்க ஆரம்பித்தான்.

"ஒரு வேளைச் சாப்பாடு முடியலக்கா. நான் வருஷக்கணக்கா வெச்சிருக்கேன். உன்னால ஒரு வேளை தாக்குப்பிடிக்க முடியல." சிரிப்பு பாதியில் உடைந்து, அழுகிறானோ என்று சந்தேகம் வந்தது. "அவர் என்னை அடிச்சதெல்லாம் உனக்குத் தெரியும்ல? தெரியும்தானே?"

"தெரியும்டா."

தம்பி மனைவி அவள் பக்கத்தில் வந்து முழங்கையைத் தொட்டாள். "அண்ணி, அந்த மெஷின் சில நேரம் தப்பாக் காட்டுமாமே. சர்க்கரையாத்தான் இருக்கும்" என்றாள் மெதுவாக. கீழே கிடந்த அப்பாவும் ரத்தம் ஒழுகும் வாயோடு தலையை ஆட்டினார். "ஆமாம்மா. உனக்குச் சர்க்கரை. நீ வேணும்னு பண்ணல."

அவளுக்கு அழுகை வந்தது. அந்த வீட்டில் யார் யாரோ தன்மேல் திணித்த பொய்யை, இன்று அவளே கெஞ்சி வாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு 'ஆமாம்' சொன்னால் போதும். எல்லோரும் நிம்மதியாக மிச்சச் சாப்பாட்டைச் சாப்பிடுவார்கள். சாயங்கால பஸ்ஸுக்கு அவளும் கிளம்பிவிடலாம். தன்னைப் பற்றி அவளுக்கு இருந்த நல்ல அபிப்பிராயமும் கெடாது.

அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அவர் கை இன்னும் தலையை விட்டு இறங்கவில்லை.

"சர்க்கரை இல்லப்பா. நான்தான் அடிச்சேன். வேணும்னுதான் அடிச்சேன்." மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "இனிமே அடிக்க மாட்டேன்னு சொன்னா நீங்க நம்ப வேண்டாம். நீங்க சொன்னதை அம்மா எத்தனை தடவை நம்பினா? ஆனா என்கூட வாங்க. இங்க இருந்தா ஒருநாள் செத்துப்போவீங்க."

"கூட்டிட்டுப் போ" என்றான் தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு. "நானும் கொலைகாரனாகாம இருப்பேன்."

அப்பா நாக்கால் பல் போன இடத்தைத் தடவிப் பார்த்தார். மகனைப் பார்த்தார், மகளின் முஷ்டியைப் பார்த்தார். பெல்ட்டை உருவி நின்ற காலத்தில் இந்த இரண்டு பேரும் எந்த மூலையில் ஒண்டுவார்கள் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

"உன் வீட்டுல எனக்குத் தனி அறை இருக்கா?" என்று கேட்டார். "உள்பக்கம் தாழ்ப்பாள் போடற மாதிரி?"

"அறை இருக்கு. தாழ்ப்பாள் இல்ல" என்றாள் அவள். "போனதும் போட்டுத் தரேன்."

"கெட்டியாப் போடச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அப்பா கையைத் தலையிலிருந்து இறக்கினார், எழுந்திருக்க அவளிடம் நீட்டினார்.